எரிந்த காடு, நட்ட மரம், வெட்டிய மரம்: கார்பன் கணக்கு பற்றி எல்லை மலையூர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறையூர், காந்தளூர், வட்டவடை, மூணாறு என்று இடுக்கி மாவட்டத்துத் தமிழ் ஊர்களிலும், மலைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் போடியிலும் உடுமலையிலும், கோடைத் தீ அடங்கியதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. கன்று நட ஆள் திரட்டும் கல்லூரிப் பிள்ளைகள் கேட்பார்கள். கிராண்டிஸ் என்னும் தைலமரத்தை வெட்டி விற்கும் விவசாயி கேட்பார். கார்பனுக்குக் காசு தருகிறோம் என்று யாராவது வந்து பேசிவிட்டுப் போனால் ஊரே கேட்கும். அந்தக் கேள்விகளும் பதில்களும் இங்கே.

காடு எரிந்தால் அதிலிருந்த கார்பன் முழுக்கப் புகையாகப் போய்விடுமா?

போகாது. எவ்வளவு போகும் என்பது எந்த மாதிரித் தீ என்பதைப் பொறுத்தது.

காய்ந்த மரத்தின் எடையில் கிட்டத்தட்ட பாதி கார்பன். அந்தக் கார்பனில் ஒரு கிலோ எரிந்தால் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து சுமார் 3.67 கிலோ கார்பன் டை ஆக்சைடு ஆகும். கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தொலைக்காட்சியில் பார்க்கிறோமே, மரத்தின் உச்சிக்கு உச்சி தாவும் தீ, அது வேறு ரகம். நம் மலைகளில் பெரும்பாலும் தரைத்தீதான். சருகு, போதைப்புல் என்னும் உயரமான மலைப்புல், காய்ந்த குச்சி, உண்ணிச்செடி (லாண்டானா) புதர், இவைதான் எரியும். பெரிய மரத்தின் அடிப்பட்டை கருகும், ஆனால் தண்டு நிற்கும். செத்துப்போன மரம்கூட உடனே காற்றில் கலந்துவிடாது. கரையானும் பூஞ்சையும் தின்று தீர்க்க ஆண்டுக்கணக்கில் ஆகும்.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி நாட்டின் காடுகளில் சுமார் 728 கோடி டன் கார்பன் இருக்கிறது. அதில் பாதிக்கும் மேல் மண்ணுக்குள். எனவே எரிந்த சரிவில் முதல் மழைக்கு மேல்மண் கரைந்து ஓடினால், அது தீயைப்போலவே ஒரு கார்பன் இழப்பு. தீயைப் படம் பிடிக்க எல்லோரும் வருகிறார்கள், ஜூன் மாதம் ஓடை செந்நிறமாக ஓடுவதைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை.

அப்படியானால் தரைத்தீக்கு ஏன் இவ்வளவு பயம்? புல் அடுத்த வருடம் முளைத்துவிடுமே?

புல் முளைக்கும். ஒரு முறை எரிந்தால் பெரிய நஷ்டமில்லை. ஒரே இடம் ஆண்டுதோறும் எரிந்தால்தான் வினை. முழங்கால் உயரம் வந்த கன்றுகளெல்லாம் ஒவ்வொரு கோடையிலும் கருகும். மேலே நிற்கும் பெரிய மரங்களுக்கு வயதாகும், விழும், அந்த இடத்துக்கு வாரிசு இருக்காது. காடு திறந்துகொள்ளும், வெயில் தரைக்கு இறங்கும், உண்ணிச்செடி நுழையும். அது காய்ந்தால் தீ இன்னும் உயரமாக எழும்பும். அப்புறம் பெரிய மரமும் தப்பாது. இந்தச் சுழற்சியில் இருபது, முப்பது வருடத்தில் ஒரு காடு புதராகிவிடும். அந்தக் கார்பன் ஒரே நாளில் போகாமல் தவணை முறையில் போவதால், யார் கணக்கிலும் பளிச்சென்று தெரிவதில்லை.

எரிந்த இடத்தில் உடனே மரக்கன்று நடலாமா?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். பதில் பெரும்பாலும் "பொறுங்கள்" என்பதே.

சின்னாறு, மறையூர்ப் பக்கத்து இலையுதிர் காட்டில் வேங்கை, தேக்கு, மருது, வெக்காலி, நெல்லி, கடுக்காய் எல்லாம் தீயோடு பழகியவை. தடித்த பட்டை, ஆழமான வேர். மேலே கருகினாலும் அடியிலிருந்து மறுதாம்பு விடும். பத்து வருட வேர் தாங்கி நிற்கும் அந்தத் தளிர், நர்சரிப் பையிலிருந்து எடுத்து நட்ட கன்றைவிடப் பல மடங்கு வேகமாக எழும். அந்தத் தளிரை மிதித்துக்கொண்டு, குழி வெட்டி, அதன் வேரையும் அறுத்து, பக்கத்தில் ஒரு கன்றை நட்டுப் படம் எடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். நட்ட கன்றுக்குக் கணக்கு உண்டு. தானாக வந்ததற்குப் பட்ஜெட்டில் தலைப்பு இல்லை, அதுதான் காரணம்.

ஒரு மழைக்காலம் விட்டுப் பார்த்தால் எங்கே தானாக வருகிறது, எங்கே வரவில்லை என்பது தெரிந்துவிடும். தானாக வரும் இடத்தில் செய்ய வேண்டியது களை நீக்குவது, ஆடு மாடு மேயாமல் பார்ப்பது, ஒரே அடியில் ஏழெட்டுத் தளிர் வந்தால் நல்லதாக ஒன்றிரண்டை விட்டு மற்றதை நறுக்குவது. இதற்குச் செலவு குறைவு, பிழைப்பது அதிகம்.

அதற்குள் மண்ணை மட்டும் காத்துக்கொள்ள வேண்டும். கருகி விழுந்த கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே, சம உயரக் கோட்டில் அடுக்கி வைத்தாலே போதும். சாம்பலும் விதையும் அங்கே தங்கும். ஓடை தொடங்கும் இடங்களில் சின்னச் சின்னக் கல் தடுப்பு. கருகிய மரங்களை லாரியில் ஏற்றி "சுத்தம்" செய்வது பெரும்பாலும் கெடுதல். லாரி போன தடம்தான் அடுத்த மழைக்கு ஓடையாகும். பொந்துள்ள பட்டமரம் ஆந்தைக்கும் மரங்கொத்திக்கும் வீடு என்பது தனிக்கதை.

சோலைக்காடு வேறு. மலைமேல் பள்ளங்களில் எப்போதும் பச்சையாக நிற்கும் அது தீயை அறியாத காடு. ஓரத்தில் எரிந்தால் உள்வாங்கிக்கொண்டே போகும், திரும்பி வரப் பல பத்தாண்டு ஆகும். அங்கேதான் நடவுக்கு வேலை உண்டு. அதே பள்ளத்தின் தாய்மரத்து விதையில் வளர்த்த கன்றுகளை, மீதமிருக்கும் சோலையின் ஓரத்தை ஒட்டி, நிழலில் நடவேண்டும். மொட்டை மேட்டின் நடுவில் வைத்தால் உறைபனியே கொன்றுவிடும்.

எந்த மாதம் நடுவது?

மூணாறு, வட்டவடை முகட்டுப் பக்கம் தென்மேற்குப் பருவம் நின்று பெய்யத் தொடங்கியதும், ஜூன் கடைசியில். மறையூர், சின்னாறு மழைமறைவுப் பகுதி. அங்கே அக்டோபர், நவம்பர் மழையை நம்பித்தான் நட வேண்டும். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று சின்னாறில் நட்ட கன்று செப்டம்பருக்குள் குச்சியாகிவிடும். விழாவுக்கு ஒரு தேதி, கன்றுக்கு ஒரு தேதி.

வேகமாக வளரும் மரம்தானே வேகமாகக் கார்பன் சேர்க்கும்? கிராண்டிஸ், சீகை (வாட்டில் மரம்) வைத்தால் என்ன?

முதல் பத்து வருடக் கணக்கை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. அதற்குப் பிறகுதான் சிக்கல்.

கிராண்டிஸ் இலையில் எண்ணெய், உரிந்து தொங்கும் பட்டை, அடியில் மக்காத சருகு. தீ வந்தால் மேலேறும். சீகை இன்னும் மோசம். அதன் விதை மண்ணில் பல பத்தாண்டு உறங்கிக் கிடக்கும். தீயின் சூடு பட்டால் மேல்தோல் வெடித்து ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் முளைக்கும். எரிந்த சீகைக்காட்டைச் சும்மா விட்டால் முன்னைவிட நெருக்கமான சீகைக்காடுதான் கிடைக்கும். ஆனமுடிச்சோலை தேசியப் பூங்காவின் பழத்தோட்டம் பகுதியில் சீகையை அகற்றி உள்ளூர்ப் புல் வகைகளை நட்டு மீட்டிருக்கிறார்கள். முளைக்கிற நாற்றை ஆண்டுக்கணக்கில் பிடுங்கிக்கொண்டே இருப்பதுதான் அங்கே பெரிய வேலை.

தண்ணீரும் ஒரு கணக்கு. வட்டவடையில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடும் விவசாயியிடம் கிராண்டிஸ் தோட்டத்துக்குக் கீழே இருந்த ஊற்று என்ன ஆனது என்று கேட்டுப் பாருங்கள்.

மலைமேல் புல்மேடு காலியாகக் கிடக்கிறதே, அங்கே நட்டால்?

நடக்கூடாது. அது காலி இடமில்லை, காடழிந்து உண்டானதும் இல்லை. சோலையும் புல்வெளியும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. புல்வெளியின் கார்பன் வேரிலும் மண்ணிலும் இருப்பதால், மேலே தீ ஓடினாலும் பெரும்பகுதி பத்திரமாக இருக்கும். நீலக்குறிஞ்சி பூப்பதும் இங்கேதான். கடைசியாகப் பெரிதாகப் பூத்தது 2018, அடுத்தது 2030. அதற்காகவே கொட்டக்கம்பூர், வட்டவடை கிராமங்களில் 2006இல் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவித்தார்கள். அங்கே குழி வெட்டினால் மண்ணிலிருக்கும் கார்பனைக் கிளறி வெளியே விடுகிறோம்.

இடைவெட்டு செய்தால் காட்டுக்கு நல்லது, கார்பனுக்கும் நல்லது என்கிறார்களே?

தின்னிங் என்று வனத்துறையினர் சொல்வது இதைத்தான். நெருக்கமாக நட்ட தோட்டத்தில் சில மரங்களை நடுவிலேயே எடுத்து, மீதிக்கு வெளிச்சமும் இடமும் கொடுப்பது. தேக்கை 2 மீட்டருக்கு 2 மீட்டர் நட்டால் ஹெக்டேருக்கு 2,500 கன்று. அத்தனையும் பெரிதாக முடியாது. ஐந்தாம் ஆண்டு, பத்தாம் ஆண்டு என்று குறைத்துக்கொண்டே போய்க் கடைசியில் கொஞ்சம் மரங்களே நிற்கும். 1840களில் நிலம்பூரில் தொடங்கிய தேக்குத் தோட்டங்களிலிருந்து வந்த பழக்கம் இது.

கார்பனைப் பொறுத்தவரை உண்மை இதுதான். இடைவெட்டு செய்த அன்று நிலத்திலிருக்கும் கார்பன் குறைகிறது. மீதி மரங்கள் தடித்து அதை ஈடுகட்டப் பல வருடம் ஆகும். அதற்குள் எடுத்த மரம் என்ன ஆனது என்பதில்தான் லாபமா நஷ்டமா என்பது இருக்கிறது.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் தீயைக் குறைக்க இடைவெட்டு செய்கிறார்கள் என்று இங்கேயும் பேசுகிறார்கள். அங்கே நூறாண்டு தீயை அடக்கி அடக்கி ஊசியிலைக்காடு நெருங்கிப் போனது, அதனால் பொருந்துகிறது. நம் இயற்கைக் காட்டில் எரிவது நெருங்கிய மரம் இல்லை, கீழேயுள்ள புல்லும் புதரும். இங்கே மரத்தைக் குறைத்தால் வெயில் இறங்கி அந்தப் புதர்தான் கூடும். ஆகவே இடைவெட்டு தோட்டங்களுக்கு மட்டும்: தேக்கு, கிராண்டிஸ், பைன், சீகை.

வெட்டிய மரத்தில் கார்பன் எத்தனை காலம் தங்கும்?

பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. நிபுணர் குழு இதற்கு அரை ஆயுள் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதாவது, இருக்கும் கார்பனில் பாதி வெளியேற ஆகும் காலம். அறுத்த மரத்துக்கு 35 ஆண்டு, பிளைவுட் போன்ற பலகைகளுக்கு 25 ஆண்டு, காகிதத்துக்கு வெறும் 2 ஆண்டு.

இந்த மூன்று எண்ணையும் வைத்துக்கொண்டு நம் மலையின் வரலாற்றைப் பாருங்கள். கிராண்டிஸையும் சீகையையும் வைத்தது பெரும்பாலும் காகிதக் கூழுக்கும் விறகுக்கும்தான். கேரளக் காட்டுத் தோட்டங்களின் தைலமரம் கோட்டயம் மாவட்டம் வெள்ளூரின் செய்தித்தாள் காகித ஆலைக்குப் போனது, நீலகிரிச் சீகை சிறுமுகை ரேயான் ஆலைக்குப் போனது. மலை பத்து வருடம் சேர்த்ததைச் செய்தித்தாள் ஓரிரு வருடத்தில் காற்றுக்கே திருப்பிக் கொடுத்தது. மரம் நட்டதால் கார்பன் சேர்ந்தது என்று மட்டும் சொல்வது பாதிக் கணக்கு.

அதே கிராண்டிஸைச் சட்டமாக, கதவு நிலையாக, கூரைக் கைமரமாக மாற்றினால் கதை வேறு. முடியுமா என்றால், முடியும். ஆனால் மெனக்கெட வேண்டும். ஈரத்தோடு அறுத்து வெயிலில் போட்டால் முறுக்கிக்கொண்டு பிளக்கும். நிழலில், காற்றோட்டமாக, இடையில் சிறு சட்டங்கள் வைத்து அடுக்கி மெதுவாக உலர்த்த வேண்டும். ரப்பர் மரத்தை ஒரு காலத்தில் விறகுக்குத்தான் போட்டார்கள். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் ஏற்றி மரம் துளைக்கும் பூச்சி வராமல் செய்யத் தெரிந்தபிறகு அது மேசை நாற்காலியானது, பெரும்பாவூர் பிளைவுட் ஆனது. இடைவெட்டில் வரும் சின்னக் கட்டைகளுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. பெரிய தடை, பக்கத்தில் சின்ன அறுவை மில்லும் உலர்த்தும் கொட்டகையும் இல்லாததுதான்.

ஒரு எச்சரிக்கை. மில்லுக்குப் போகும் கட்டை முழுவதும் பலகையாகாது. ஏறக்குறைய பாதி தூளாகவும் சிறாயாகவும் போகும். ஒரு டன் காய்ந்த மரத்தில் சுமார் 1.8 டன் கார்பன் டை ஆக்சைடு அடங்கியிருக்கிறது என்றால், வீட்டில் போய்த் தங்குவது அதில் பாதிதான்.

விறகாக எரித்தால் தப்பா?

எதற்குப் பதிலாக எரிக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் இலை உலர்த்த நிலக்கரிக்கோ எண்ணெய்க்கோ பதிலாகத் தோட்டத்து விறகு எரிந்து, வெட்டிய இடத்தில் மறுபடி மரம் வந்தால், நீண்ட காலத்தில் லாபம். சோலை மரத்தை வெட்டி எரித்தால் எந்தக் கணக்கிலும் நஷ்டம். மறையூரில் வெல்லம் காய்ச்சக் கரும்புச் சக்கையையே எரிக்கிறார்கள். அதைவிடக் கணக்கு சுத்தமான எரிபொருள் இந்த மலையில் இல்லை.

உண்ணிச்செடி, மஞ்சக்கொன்னை இவற்றை வெட்டி என்ன செய்வது?

முதலில் வெட்டுவதில் ஒரு விஷயம். இரண்டுமே வெட்ட வெட்டத் தழையும். உண்ணியை வேர்க்கழுத்தோடு பிடுங்க வேண்டும். மஞ்சக்கொன்னை எனப்படும் சென்னா ஸ்பெக்டாபிலிஸை வேரோடு பெயர்க்க வேண்டும், பெரிய மரமென்றால் அடிப்பட்டையை உரித்து நிற்க வைத்தே சாகவிட வேண்டும். வயநாட்டில் சமூகக் காடு வளர்ப்பின் பேரில் வைத்த மரம் இன்று முதுமலை வரை பரவி நிற்கிறது.

முதுமலையில் எடுத்த சென்னாவைத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்குக் கூழுக்குக் கொடுக்கிறார்கள். கார்பனுக்கு அது 2 ஆண்டு வழிதான். ஆனால் அங்கே நோக்கம் கார்பன் இல்லை, மானுக்கும் யானைக்கும் புல் முளைக்க இடம் வேண்டும். அதனால் அதைக் குறை சொல்ல மாட்டேன். உண்ணிக்குச்சி நல்ல கெட்டி, பூச்சி எளிதில் அரிக்காது. நாற்காலி, அலமாரி செய்கிறார்கள். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடியினர் உண்ணிக்குச்சியில் செய்த யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன.

மிச்சத்துக்கு உயிர்க்கரி நல்ல வழி. காற்றை அடக்கிக் கருக்கும் கரிமூட்ட வேலைதான். கரியை விற்று எரிக்காமல் எருவோடு கலந்து மண்ணில் போட வேண்டும். அந்தக் கார்பனின் பெரும்பகுதி மண்ணில் நூறாண்டுக்கும் மேல் கிடக்கும். மூட்டம் போடுவது மழைக்காலத்தில், ஊருக்குள், தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

சரணாலயத்துக்குள்ளும் தேசியப் பூங்காவுக்குள்ளும் எடுக்கும் பொருளைச் சுற்றியுள்ள மக்களின் சொந்தத் தேவைக்குக் கொடுக்கலாம், வணிகத்துக்கு விற்கக் கூடாது என்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். நாற்காலித் தொழில் தொடங்குமுன் கச்சாப்பொருள் எந்த எல்லைக்குள்ளிருந்து வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கார்பன் கிரெடிட் என்று காசு தருவார்களாமே?

கிரெடிட் என்பது சேர்த்த கார்பனுக்கு எழுதித் தரும், விற்கக்கூடிய சான்று. காசு தருவார்கள், ஆனால் மரம் நிற்கிறது என்பதற்காக அல்ல. அந்தப் பணம் இல்லாவிட்டால் இந்த வேலை நடந்திருக்காது என்று நிரூபிக்க வேண்டும். முப்பது, நாற்பது வருடம் காடு நிற்கும் என்று உறுதி கொடுக்க வேண்டும். தீ வந்தால் யார் பொறுப்பு? கிரெடிட்டில் ஒரு பங்கை இதற்கென்றே ஒதுக்கி வைக்கும் முறை உண்டு. உங்கள் ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். தமிழிலோ மலையாளத்திலோ படித்துக் காட்டாத காகிதத்தில் கையெழுத்து வேண்டாம்.

வனத்துறை நிலத்திலோ பழங்குடிக் குடியிருப்பின் பொதுக்காட்டிலோ என்றால் 2006 வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமை யாருக்கு என்பது முதலில் தீர வேண்டும். முதுவர் பழங்குடியினரின் குடிகளில் ஊருக்கூட்டம் கூடி முடிவெடுக்காமல் இரண்டு பேரை மட்டும் பார்த்துப் பேசிவிட்டுப் போனால், அந்தத் திட்டத்தை அத்தோடு விட்டுவிடலாம்.

எங்கள் பட்டா நிலத்து கிராண்டிஸை வெட்டலாமா?

மர வகை, நிலத்தின் பட்டா வகை, ஊர் இவற்றைப் பொறுத்து விதி மாறும். இடுக்கியில் பட்டா நிபந்தனைகள் பலவிதம். கோடரி எடுக்குமுன் வில்லேஜ் ஆபீசிலும் ரேஞ்ச் ஆபீசிலும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வெட்டியபின் அடிக்கட்டையை விட்டால் மறுதாம்பு வரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

எல்லாவற்றிலும் குறைந்த செலவில் கார்பனைக் காப்பது எது?

தீ வராமல் பார்ப்பது. பிப்ரவரிக்குள் தீத்தடுப்புக் கோடு செதுக்கி முடிப்பது, உள்ளூர் ஆட்களையே வாட்சராகப் போட்டு மே வரை ஒழுங்காகக் கூலி கொடுப்பது, ஜனவரிப் பனி ஈரத்திலேயே பாதையோரப் புல்லைக் கட்டுப்பாட்டோடு எரித்துவிடுவது. இந்தப் பக்கம் தீ பெரும்பாலும் மனிதர் கையால்தான் வருகிறது. பீடி, சமையல் அடுப்பு, புதுப்புல்லுக்காக வைத்தது, பகையில் வைத்தது. புல்தைலம் காய்ச்சுபவர்களைத் திட்டுவதைவிட, எந்தச் சரிவை எப்போது எரிக்கலாம் என்று அவர்களோடு உட்கார்ந்து பேசி முடிப்பது பலன் தரும்.

எல்லையில் இன்னொரு தொல்லை. தீ கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்கும் தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கும் வரும். இரண்டு மாநில வாட்சர்களிடமும் ஒருவர் எண் மற்றவரிடம் இருக்க வேண்டும். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலைக்குக் கீழே குரங்கணிச் சரிவில் புல்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். பகலில் காற்றும் தீயும் மலை ஏறும். தீக்கு மேலே இருக்கும் சரிவில் யாரும் நிற்கக் கூடாது, அணைக்கப் போகிறவர்கள்கூட.

நட்டதும் காத்ததும் உண்மையில் கார்பனாகச் சேர்கிறதா என்று நாமே பார்க்க முடியுமா?

முடியும், ஒரு டேப் போதும். 31.6 மீட்டர் சதுரம் ஒன்றை அளந்து நான்கு மூலையில் கல் நடுங்கள். அது 0.1 ஹெக்டேர், வன ஆய்வு நிறுவனத்தாரும் முன்பு இந்த அளவைத்தான் வைத்தார்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவை எடுத்து நோட்டில் எழுதுங்கள். அளந்த இடத்தில் பெயிண்ட் கோடு போட்டுவிட்டால் அடுத்தமுறை குழப்பம் வராது. கன்றுகளை உயிரோடு, செத்தது என்று மட்டும் எண்ணினால் போதும். எரிந்த இடத்தில் ஒன்று, எரியாத இடத்தில் ஒன்று என்று இரண்டு சதுரமாவது வேண்டும். இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது? வருடம் ஒருமுறை, அதே மாதத்தில், மழை முடிந்தபிறகு. நோட்டை ஒருவர் வீட்டில் வைக்காமல் பள்ளிக்கூடத்தில் வையுங்கள். ஆள் மாறினாலும் அளவு தொடரும்.